வரையறைப் பதிப்பு இசைத்தட்டுத் தொகுதிகளின் மெய்ம்மை காணும் நெறிகள்

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்துள்ள சிம்பாங் அம்பாட், மலாய் மொழியில் 'நாற்சந்தி' எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட சிறுபட்டணம் ஆகும். இதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல, கடந்த சில பத்தாண்டுகளில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலம், அருகிலுள்ள பத்து காவானைத் தீவுடன் இணைத்தது. அதன் பின்னர் இம்மாற்றம் மேலும் விரைவுற்றது.

தோட்டத்து லயங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்கு இடம்பெயரும் குடும்பங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதில்லை. பாட்டன் காலத்துப் பெட்டிப்பாட்டுக் கருவியும் தகரப் பெட்டியில் அடுக்கிய இசைத்தட்டுகளும் பெரும்பாலும் பழைய இரும்பு வாங்குவோரிடம் போய்ச் சேர்கின்றன. அவற்றுட் சில, தீவில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் மீண்டும் தலைகாட்டுகின்றன. அதே வேளையில், 'வரையறைப் பதிப்பு', 'சேகரிப்போர் பதிப்பு' என்னும் முத்திரைகளுடன் பெட்டியில் அடைத்த இசைத்தொகுதிகள் உயர்ந்த விலைக்கு அதே குடும்பங்களின் பிள்ளைகளிடம் விற்கப்படுகின்றன. மெய்யான பொருள் குப்பையெனக் கழிக்கப்படுவதும், ஐயத்திற்குரிய பொருள் கருவூலமென வாங்கப்படுவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

இது சேகரிப்போரின் பணச் சிக்கல் மட்டுமன்று. இன்று பள்ளிக்கோ நூலகத்திற்கோ நன்கொடையாக வரும் ஒரு தொகுதி, நாளை ஓர் ஆய்வேட்டில் சான்றாக மாறுகின்றது. அதன் காலம் பிழைபட்டால் ஆய்வும் பிழைபடும். ஆகவே, இத்தகைய தொகுதிகளின் மெய்ம்மையை எவ்வாறு ஆராய்வது என்பதைத் தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் பின்பற்றத்தக்க வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொகுதி என்னும் வடிவம்

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொணர்ந்த 1887ஆம் ஆண்டிலேயே எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார் என்பது சுவையானதொரு காலப்பொருத்தம் ஆகும். ஏட்டிலிருந்த தமிழ் நூலுக்கு அச்சு நிலைபேறு தந்தது போல, காற்றில் கரைந்த தமிழ்ப் பாட்டுக்கு இசைத்தட்டு நிலைபேறு தந்தது.

1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியாவின் தொடக்ககால ஒலிப்பதிவுகளைச் செய்தார். 1903இல் சிங்கப்பூரிலும் பதிவுகளை மேற்கொண்டார். அப்பதிவுகள் செருமனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அழுத்தப்பட்டன. பாடகர் தம் பெயரைப் பாட்டின் இறுதியில் தாமே சொல்லும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இந்திய மொழி அறியாத ஆலைப் பணியாளர் சரியான முகப்புச் சீட்டை இணைக்க அக்குரல் உதவிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கப்பட்ட பின்னர் இந்தியாவிலேயே தட்டுகள் உருவாயின. 1928இல் அவ்வாலை டம்டம்மிற்கு மாறியது. மலாயாச் சந்தைக்குரிய மலாய் இசைத்தட்டுகளும் இந்திய ஆலையில் அழுத்தப்பட்டு இங்கு வந்தமை நம் நாட்டு வாசகர்கள் மனங்கொள்ளத்தக்கதாகும்.

பத்து அங்குல 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். எனவே, நீண்ட படைப்பொன்றைக் கேட்கப் பல தட்டுகள் தேவைப்பட்டன. 1930களில் புராண நாடகங்களைச் சுருக்கிப் பல தட்டுகளில் பதிந்து 'செட்' என விற்கும் வழக்கம் தென்னிந்தியாவில் பரவியது. ஏ.வி. மெய்யப்பன் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் இக்காலத்துத் தமிழிசைத்தட்டு வாணிபத்தில் முக்கிய இடம் வகித்தது. ஆறு தட்டுகள் கொண்ட ஒரு நாடகத் தொகுதி பன்னிரண்டு பக்கங்களில் ஏறத்தாழ 36 நிமிடம் ஒலித்தது. இன்று 'பெட்டித் தொகுதி' எனப்படுவதற்குத் தமிழில் இதுவே முன்னோடி எனலாம்.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. நாடகத் தொகுதிகளை வெளியிட்டோர் அவற்றை இயன்றவரை மிகுதியாக விற்கவே விரும்பினர். அவை இன்று அரியனவாக இருப்பது உடைந்தும் தொலைந்தும் போனமையால் விளைந்த அருமை. வரையறைப் பதிப்பின் அருமையோ வெளியிடும்போதே அறிவிக்கப்படும் அருமை. முன்னது காலத்தின் செயல். பின்னது ஒரு வாக்குறுதி. பழைய தட்டுகள் சிலவற்றை ஒரு பெட்டியிலிட்டு, 'வரையறைப் பதிப்பு' எனச் சான்றிதழ் இணைத்து ஒருவர் விற்பாராயின், அவர் இவ்விரண்டையும் குழப்புகின்றார் என்பதை முதலிலேயே உணரலாம்.

2. மூன்று வினாக்கள்

'இது அசலா?' என்னும் ஒற்றை வினா ஆய்வுக்குப் போதாது. அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, இப்பொருள் தான் சொல்லும் நிறுவனத்தால், தான் சொல்லும் காலத்தில் செய்யப்பட்டதா? இரண்டாவது, இத்தொகுதியின் உறுப்புகளாகிய தட்டு, உறை, பெட்டி, இணைப்பு நூல் ஆகிய அனைத்தும் ஒரே வெளியீட்டைச் சார்ந்தனவா? மூன்றாவது, எண்ணிக்கை பற்றியும் தயாரிப்பு முறை பற்றியும் அது கூறும் செய்தி உண்மையா?

ஒரு தொகுதி முதல் வினாவில் தேறி, ஏனைய இரண்டிலும் தவறக்கூடும். தட்டுகள் யாவும் உண்மையானவையாக இருந்தும், உடைந்த மூன்றாம் தட்டுக்கு மாற்றாகப் பிற்கால அழுத்தம் ஒன்று வைக்கப்பட்டிருக்கலாம். ஏட்டுச்சுவடியில் இடையே வேறு கையெழுத்தில் செருகப்பட்ட ஓலையைப் பதிப்பாசிரியர் எவ்வாறு தனித்துக் குறிப்பாரோ, அவ்வாறே இதனையும் தனித்துக் குறித்தல் வேண்டும். அது தொகுதியின் மதிப்பை முற்றிலும் அழிப்பதில்லை. ஆனால் மறைக்கப்படுமாயின் ஆய்வைக் கெடுக்கும்.

3. தட்டு தரும் சான்று

78 சுற்றுத் தட்டு அரக்குடன் கனிமப் பொடி கலந்து செய்யப்பட்டது. அது கனமானது, வளையாது, எளிதில் உடையும். 1948இல் அறிமுகமான நெடுந்தட்டு வினைல் என்னும் நெகிழியால் ஆனது. சற்றே வளைந்து கொடுக்கும். மேலை நாடுகளில் 1950களின் இறுதியில் வழக்கொழியத் தொடங்கிய 78 சுற்றுத் தட்டு, இந்தியாவில் 1960களிலும் தொடர்ந்து அழுத்தப்பட்டது. எனவே, 'அரக்குத் தட்டு எனில் போருக்கு முற்பட்டது' என்னும் கூற்று பொருந்தாது.

தட்டின் காலத்தை அறிய மிகச் சிறந்த சான்று, ஒலித்தடம் முடியும் இடத்திற்கும் நடுச் சீட்டிற்கும் இடைப்பட்ட வெற்று வளையத்தில் உள்ளது. அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் எண் 'வார்ப்பு எண்' எனத்தக்கது. மூலப் பதிவிலிருந்து உலோக எதிர்வார்ப்பும், அதிலிருந்து நேர்வார்ப்பும், அதிலிருந்து அழுத்தும் அச்சும் எடுக்கப்படுகின்றன. மூலத்திலோ இடைப்பட்ட வார்ப்பிலோ பொறித்த எண், அவ்வச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு தட்டிலும் தோன்றும். நடுச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள எண்ணோ விற்பனைக்குரிய பட்டியல் எண். முன்னது பதிவையும் வார்ப்பையும் சுட்டுகின்றது. பின்னது வெளியீட்டைச் சுட்டுகின்றது. இவ்விரண்டையும் தனித்தனியே குறித்துக் கொள்வது ஆய்வாளரின் முதற்கடமையாகும்.

நடுச் சீட்டு தட்டை அழுத்தும்போதே அதனுடன் சேர்த்து அழுத்தப்படுகின்றது. ஆகவே மெய்யான சீட்டின் விளிம்பு தட்டின் பரப்போடு இழைந்திருக்கும். விளிம்பு மேலெழுந்தோ பசை தெரிந்தோ இருப்பின், அது பின்னர் ஒட்டப்பட்டதாகலாம். அடியில் வேறு சீட்டு இருக்கக்கூடும் என்பதால் அதனைப் பிரித்துப் பார்க்க முயலாமல், படமெடுத்துக் குறித்து வைத்தலே நன்று.

கிராமபோன் நிறுவனத்தின் இந்திய நெடுந்தட்டு எண்களும் பயன் தருவன. ஈ.சி.எல்.பி. எனத் தொடங்கும் எண் ஒற்றை ஒலிவழிக்கும், ஈ.சி.எஸ்.டி. எனத் தொடங்கும் எண் இரட்டை ஒலிவழிக்கும் உரியன. உறை ஒன்றையும் தட்டு மற்றொன்றையும் சுட்டுமாயின், இரு வேறு பிரதிகளின் உறுப்புகள் கலந்துள்ளனவா என ஆராய வேண்டும்.

பாட்டின் காலமும் தட்டின் காலமும் ஒன்றெனக் கொள்ளுதல் பரவலான பிழையாகும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத நெடுந்தட்டு 1963இல் வெளிவந்தது. அப்பதிவே பின்னர் ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வலம் வந்தது. பிற்கால அழுத்தம் ஒன்று கையிலிருப்பின் அது போலியன்று. ஆயினும் அதனை '1963ஆம் ஆண்டுத் தட்டு' எனக் குறிப்பது பொய்யாகும். மறுபதிப்பை முதற்பதிப்பாகக் காட்டும் நூல் வணிகத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுகின்றோமோ, அவ்வாறே இதனையும் மதிப்பிடலாம்.

4. உறையும் இணைப்பு நூலும் தரும் சான்று

தட்டைப் போலி செய்ய ஆலை வேண்டும். உறையைப் போலி செய்ய அச்சகமே போதும். எனவே பெட்டித் தொகுதிகளில் ஐயம் பெரும்பாலும் தாளில் தொடங்குகின்றது.

இங்கு ஆண்டு அறியப்பட்ட பொது நிகழ்வுகள் எல்லைக்கற்களாக உதவுகின்றன. இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் பதின்ம நாணயமுறை நடப்புக்கு வந்தமையால், அணாவில் விலை குறித்த பாட்டுப் புத்தகம் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் அறிமுகமானது; 1960களைச் சார்ந்ததெனக் கூறப்படும் உறையில் அவ்வெண் காணப்பட்டால், அவ்வுறை பிற்காலத்தது. பட்டைக் குறியீடு இசைத்தட்டு உறைகளில் 1980ஐ ஒட்டியே பரவிற்று. 'மலேசியா' என்னும் பெயர் 1963 செப்டம்பர் 16க்குப் பின் உரியது. மதராசு நகரின் பெயர் அலுவல்முறையில் சென்னை என 1996இலும், கல்கத்தா கொல்கத்தா என 2001இலும் மாறின. இந்தியக் கிராமபோன் நிறுவனம் 2000இல் 'சரிகம' என்னும் பெயரைப் பெற்றது. ஒரு பொருள் தன்னிடம் காணப்படும் மிகப் பிந்திய அடையாளத்திற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது என்பதே இவற்றிற்கெல்லாம் அடிப்படையான விதியாகும்.

தமிழாசிரியர்கள் தனிச்சிறப்புடன் பங்களிக்கக்கூடிய சான்று ஒன்றுண்டு. அது எழுத்து வடிவம். தமிழக அரசு 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன. அதனால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் ஐகார உயிர்மெய்கள் சில துதிக்கை போல் வளைந்த கொம்புடன் அச்சிடப்பட்டன. 1940ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகம் எனப்படும் ஒன்றில் 'மாலை', 'வீணை' என்னும் சொற்கள் இன்றைய வடிவில் அச்சாகியிருப்பின், அது கணினி எழுத்துருவில் அண்மையில் ஆக்கப்பட்டதோ என ஐயுறுதல் தகும்.

இச்சான்றுக்கும் வரம்புண்டு. பெரியார் 1935 முதலே தம் இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார்; ஆகவே அவ்வியக்கத்தைச் சார்ந்த வெளியீடுகளுக்கு இவ்விதி பொருந்தாது. மறுதலையாக, அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை 1978க்குப் பின்னும் சில காலம் பயன்படுத்தின. எனவே பழைய வடிவம் இருப்பது மட்டுமே பழமைக்குச் சான்றாகாது.

அச்சையும் தாளையும் ஆராய இரு எளிய கருவிகள் போதும். முதலாவது, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி. உண்மை உறையில் எழுத்துகள் கூர்மையாகவும் ஒரே மையிலும் அமைந்திருக்கும். உறையை வருடி எடுத்து மீண்டும் அச்சிட்டால், சிறிய எழுத்துகள் மங்கிப் புள்ளிகளாகச் சிதையும். பழைய உறையில் தட்டு உராய்ந்து ஏற்பட்ட வட்டத் தேய்மானமும் படமாக அச்சாகியிருக்கும். தடவிப் பார்த்தால் அத்தேய்மானம் விரலுக்குத் தட்டுப்படாது. இரண்டாவது, கள்ளப் பணத்தாளைக் கண்டறியக் கடைகளில் பயன்படுத்தும் புற ஊதா விளக்கு. தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் 1950ஐ ஒட்டிய காலத்திற்குப் பின்னரே பரவலாயின. 1930களின் உறை அவ்விளக்கொளியில் நீலவெண்மையாக ஒளிருமாயின், அத்தாள் அக்காலத்ததன்று. ஒட்டுப்போட்ட பகுதி மட்டும் ஒளிர்ந்தால், அது பின்னாளைய செப்பமாகக் கொள்ளத்தக்கது.

5. குறுந்தட்டுப் பெட்டிகள்

1982இல் வணிக அளவில் வெளிவந்த குறுந்தட்டு, படியெடுத்தலை மிக எளிதாக்கிற்று. மலேசியாவில் களவுப் படிகள் மலிந்தமையால், 2000ஆம் ஆண்டு ஒளித்தட்டுச் சட்டம் தட்டு உற்பத்திக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2003 சனவரி முதல், விற்பனைக்குரிய ஒளித்தட்டுகளில் அரசின் அசல் சின்னமாகிய முப்பரிமாண ஒளிர்ச்சீட்டு ஒட்டப்பட வேண்டுமென்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இந்நாட்டுக் கடைகளில் விற்கப்பட்டதெனக் கூறப்படும் தொகுதியில் அச்சின்னம் இல்லையெனில் காரணம் கேட்கலாம். எனினும் அச்சின்னம் விற்பனை முறையானது என்பதையே சுட்டும். பதிப்பு அரியது என்பதைச் சுட்டாது.

உலக அளவில் 1994இல் அறிமுகமான மூலக் குறியீடு மற்றொரு சான்றாகும். தட்டின் ஒளிரும் பக்கத்து உள்வளையத்தில் 'ஐ.எஃப்.பி.ஐ.' என்னும் எழுத்துகளுடன் அது நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1990ஆம் ஆண்டின் முதல் அழுத்தம் எனச் சொல்லப்படும் தட்டில் இக்குறியீடு காணப்படின் அக்கூற்று தவறாகும். மேலும், ஆலையில் அழுத்திய தட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறம் உடையது. கணினியில் எழுதப்பட்ட தட்டின் அடிப்பக்கத்தில் பச்சை அல்லது நீலச் சாயல் தென்படும்.

ஆயின் தோற்றத்தை மட்டும் நம்புதல் கூடாது என்பதற்குப் பாப் டிலனின் தொகுதி ஒன்று சான்று பகர்கின்றது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்குரிய காப்புக்காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டப்பட்டபோது, வெளிவராத பழைய பதிவுகளை 50 ஆண்டு முடியுமுன் வெளியிட்டால்தான் அப்பயனைப் பெற இயலும் என்னும் நிலை ஏற்பட்டது. அதற்காக 2012 இறுதியில் அவருடைய 1962ஆம் ஆண்டுப் பதிவுகள் நான்கு தட்டுகளாக ஏறத்தாழ நூறு பிரதிகள் மட்டும் வெளியிடப்பட்டன. அவை கணினியில் எழுதப்பட்ட தட்டுகளே, உறையும் எளியது. அழகிய பெட்டியில் அழுத்திய தட்டுகளுடன் அத்தொகுதி கிடைக்குமாயின், அழகே போலிக்கு அடையாளமாகும். எனவே, ஒரு பதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஊகியாமல், அது எப்படி வெளிவந்தது என்பதை அறிந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

6. எண்ணிக்கை என்னும் வாக்குறுதி

வரையறைப் பதிப்பின் பிரதிகளில் வரிசை எண் இடுவது வழக்கம். அவ்வெண் எதனைக் காட்டுகின்றது? 1968இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் வெள்ளை உறைத் தொகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இலட்சக்கணக்கில் விற்ற அத்தொகுதியின் உறைகளிலும் வரிசை எண் அச்சிடப்பட்டது. எனவே எண் இருப்பதால் மட்டும் பதிப்பு வரையறைக்குட்பட்டதாகாது. பல நாடுகளில் தனித்தனியே எண்ணிடப்பட்டதால் ஓர் எண் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளிலும் அமைந்தது. குழுவின் முரசுக் கலைஞர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த 0000001 என்னும் எண்ணுடைய பிரதி 2015இல் 790,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்விலைக்கு எண்ணோடு, அது யாரிடமிருந்து நேரே வந்தது என்னும் ஐயமற்ற வரலாறும் காரணமாயிற்று.

தயாரிப்பு முறை பற்றிய வாக்குறுதியும் ஆராய்தற்குரியது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வரிசை எண்ணிட்டு உயர்விலைக்கு விற்ற பெட்டித் தொகுதிகளை, மூல ஒலிநாடாவிலிருந்து எண்முறை இடையீடின்றி உருவானவை என்றே வாங்குவோர் நம்பினர். அவற்றுட் பலவற்றின் தயாரிப்பில் எண்முறைப் படி இடைநிலையாகப் பயன்பட்டமை 2022இல் வெளிப்பட்டது. வழக்குகள் தொடுக்கப்பட்டு, நிறுவனம் இழப்பீட்டுத் தீர்வுக்கு உடன்பட்டது. அத்தொகுதிகளில் தட்டும் பெட்டியும் எண்ணும் மெய்யே. முதலிரு வினாக்களில் தேறிய பொருள் மூன்றாம் வினாவில் தடுமாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெட்டியுடன் வரும் சான்றிதழ், விற்பவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் கூற்று. பிற சான்றுகள் அதற்குத் துணை நிற்கும்போதே அது மதிப்புப் பெறுகின்றது.

7. கைமாறிய வரலாறும் பதிவேடும்

ஒரு பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்னும் வரலாறு, பெரும்பாலும் விற்பனையின்போது அழிந்து விடுகின்றது. உறையில் உள்ள கடைச் சீட்டு, உரிமையாளர் கையொப்பம், தோட்டத்துப் பெயர், திருமணப் பரிசென எழுதிய வரி ஆகியன அழுக்கல்ல, அவை சான்றுகள். விலை கூடுமெனக் கருதி அவற்றை அழிப்போர், மலேசியத் தமிழர் எதனைக் கேட்டனர், எங்கு வாங்கினர் என்னும் வரலாற்றையே அழிக்கின்றனர்.

ஒலித்தட்டு ஆய்வு இன்று தனித் துறையாக வளர்ந்துள்ளது. மைக்கேல் கின்னியர் இந்தியாவின் தொடக்ககாலப் பதிவுகளைப் பட்டியலிட்டார். ஸ்டீபன் ஹியூஸ் தமிழகத்து இசைத்தட்டுப் பெருக்கத்தை ஆராய்ந்தார். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகம் 1990இல் தோன்றியது. இத்தகைய பட்டியல்களோடு ஒப்பிட, நம் கையிலுள்ள தட்டுகளைப் பற்றிய பதிவேடு வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனப் பெயர், பட்டியல் எண், இரு பக்கத்து வார்ப்பு எண்கள், பாடியவர், அளவு, பொருள், உறையின் எழுத்து வடிவம், கைக்குறிப்புகள், கொடுத்தவர் கூறிய வரலாறு ஆகியவற்றைக் குறித்தாலே போதுமானது. செபராங் பிறைத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மேல்நிலை மாணவர்கள் இதனைப் புறப்பாட நடவடிக்கையாகவே செய்து முடிக்க இயலும்.

வாங்க விழைவோர்க்கும் இப்பதிவேட்டு முறை துணை செய்யும். வார்ப்பு எண்ணின் படத்தையும் உறையின் நெருக்கப் படத்தையும் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். 'வரையறைப் பதிப்பு' என்னும் கூற்றை விற்பனைச் சீட்டில் எழுதித் தரக் கோரலாம். எழுதித் தந்த கூற்று பொய்யாயின், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாட அது வழிவகுக்கும்.

முடிவுரை

இசைத்தட்டுத் தொகுதியின் மெய்ம்மை, முத்திரையாலோ சான்றிதழாலோ விலையாலோ உறுதிப்படுவதில்லை. பொருள், உறுப்புகளின் ஒருமை, வாக்குறுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே வினவி, ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றனவா எனக் காண்பதே நெறியாகும். சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் கண்ட மரபில் வந்த நமக்கு இந்நெறி புதியதன்று. கருவி மட்டுமே புதியது.

வரையறைப் பதிப்பு ஒன்றை இழந்தால் பணத்தால் மற்றொன்றை வாங்கலாம். சிம்பாங் அம்பாட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றின் பெட்டியிலுள்ள அரக்குத் தட்டு உடைந்தால், அதிலுள்ள கைக்குறிப்போடு அதற்கு மாற்று எங்கும் கிடையாது. ஆகவே போலியை இனங்காணக் கற்பதோடு, மெய்யானதை இனங்கண்டு காக்கவும் கற்பிப்பது தமிழாசிரியர்களின் பணியாகின்றது.